ஈறுக்கு ஒட்டுப் போடப் போகிறீர்களா? சதையை எப்படி எடுப்பார்கள் என்று முதலில் கேளுங்கள்

போன மாதம் தரம் 3 பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன் வாங்கில் இருந்த சின்னவள் கையைத் தூக்கினாள். "டீச்சர், ஒங்க பல்லு மேல பபிள்கம் ஒட்டியிருக்கு." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், உதட்டை மூடிக்கொண்டு. அந்த பபிள்கம்முக்கு நான் கொடுத்தது ஒன்றரை லட்சம் ரூபா.

மேல் வரிசையில் இடது பக்க வேட்டைப் பல்லில் எனக்கு ஈறு ஏறியிருந்தது. (ஆஸ்பத்திரி நோட்டீசில் முரசு என்று போட்டிருக்கும், எங்கள் லயத்தில் ஈறுதான்.) பல் நீண்டு, வேர்ப் பக்கம் மஞ்சளாகத் தெரிந்தது. ஹட்டன் குளிரில் காலையில் பைப் தண்ணீரை வாயில் விட்டால் கூசி உயிர் போகும். டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். பெயர் போடவில்லை, கேட்கவும் வேண்டாம். டொக்டர் பார்த்ததும், "இந்த மாசத்துக்குள்ள அண்ணத்துச் சதைய எடுத்து ஈறுக்கு ஒட்டுப் போடாட்டி பல்லு ஆடத் தொடங்கிரும்" என்றார். பயந்துவிட்டேன். சீட்டு எடுத்த காசு வேறு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது.

அந்தப் பயமே வீண். நம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் வாயை 1970இல் தொடங்கிப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஹரால்ட் லோ என்பவரின் குழு 1986இல் அந்த முடிவை வெளியிட்டது. பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாத மனிதர்கள் அவர்கள். அவர்களிலேயே பல்லைப் பிடித்திருக்கும் திசு வேகமாக அழிந்தது நூற்றுக்கு 8 பேருக்குத்தான். 81 பேருக்கு நடுத்தர வேகம். 11 பேருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தே ஈறு ஏறிய எனக்கு ஒரு மாதக் கெடு வைத்தது வியாபாரம், வேறென்ன?

அப்புறம் ஓர் ஆல்பம் காட்டினார்கள். செய்வதற்கு முன், செய்த பின் என்று படங்கள். எல்லாம் வெள்ளைக்காரர்களின் ஈறு, ஒரே ரோஸ் நிறம். எது பழையது, எது புதியது என்று தெரியவே இல்லை. "பழையபடி வந்துரும் மிஸ்" என்றார். என் ஈறு எந்த நிறம் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நம்மில் பலருக்கு ஈறு கருமை கலந்த மண்ணிறம். அண்ணத்துச் சதையோ வெளிர் ரோஸ்.

சத்திர சிகிச்சை ஒரு மணித்தியாலம்தான். அண்ணத்தில் தபால் முத்திரை அளவுக்குத் தோலோடு ஒரு துண்டு வெட்டி எடுத்து, பல்லுக்கு மேலே வைத்துத் தைத்தார்கள். ஒட்டுப் போட்ட இடத்தைவிட அண்ணத்துப் புண்தான் கொன்றது. இரண்டு வாரம் ஆறிய கஞ்சிதான். பிளேன்டீயைக்கூட ஆறவைத்துக் குடித்தேன், அதைவிடக் கொடுமை உண்டா!

வீக்கம் வடிந்த பிறகு பார்த்தால், சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்ட மாதிரி தடிப்பாக, வெளிறிய ஒரு திட்டு. நாள் போகப் போகக் கலர் மாறும் என்றார்கள். மூன்று மாதம் என்றார்கள், பிறகு ஆறு மாதம், பிறகு ஒரு வருடம். பதினான்காம் மாதம் போனபோது டொக்டர் உள்ளேயே கூப்பிடவில்லை. கவுண்டரில் இருந்த பிள்ளை, "ஒபரேஷன் சக்சஸ்தானே மிஸ்?" என்றது.

அது பொய்யும் இல்லை. வேர் பெரும்பாலும் மூடியிருக்கிறது, கூச்சமும் குறைந்துவிட்டது. அவர்கள் கணக்கில் அது வெற்றி. நான் கேட்டுப் போனது வேறு.

கடைசியில் கண்டி பஸ் ஏறிப் பேராதனை பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் அங்கே போயிருக்க வேண்டியது. சிங்களமும் தமிழும் கலந்து பேசிய ஒரு இளம் டொக்டர், பல்லைப் பார்ப்பதற்கு முன்பே, "பிரஷ் பண்றதைச் செய்து காட்டுங்க" என்றார். காட்டினேன், கல்லில் துணி தேய்க்கிற மாதிரி. சிரித்துவிட்டு மென்மையான பிரஷ்ஷை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று சொல்லித் தந்தார். தேய்ப்பதை மாற்றாவிட்டால் ஒட்டுப் போட்ட ஈறும் மறுபடி ஏறுமாம். ஒன்றரை லட்சம் வாங்கியவர்கள் இதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அவர் விளக்கியது இதுதான். அண்ணத்திலிருந்து மேல்தோலோடு எடுத்து ஒட்டுவது ஒரு முறை. ஈறு மெலிந்துபோன கீழ் முன்பற்களுக்கு அது நல்லது, உதடு மறைத்துவிடும். ஆனால் எங்கே ஒட்டினாலும் அந்தத் துண்டு அண்ணத்தின் நிறத்தையும் தடிப்பையும் விடாது. இன்னொரு முறையில், தோலுக்கு அடியில் இருக்கும் சதையை மட்டும் எடுத்து, சொந்த ஈறைப் பிரித்து அதற்குள் செருகி, ஈறை இழுத்து மூடித் தைப்பார்கள். வெளியே தெரிவது நம்முடைய ஈறுதான், நிறம் ஒத்துப்போகும். அண்ணத்துப் புண்ணும் அவ்வளவு வலிக்காது. சிரித்தால் தெரிகிற மேல் பல்லுக்கு இதைத்தான் யோசித்திருக்க வேண்டும் என்றார்.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விழுந்த கறுப்பு முக்கோண இடைவெளியையும் கேட்டேன். இடையில் எலும்பு கரைந்திருந்தால் எந்த ஒட்டும் அதை நிரப்பாது, வேரும் முழுதாக மூடாது என்றார். "பழையபடி" என்ற வார்த்தையை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நீங்கள் போனால் சதையைத் தோலோடு எடுப்பார்களா, அடிச்சதை மட்டுமா என்று கேளுங்கள். நம்மைப் போலக் கருத்த ஈறுள்ள ஒருவருக்குச் செய்து ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேராதனையில் காட்ட வேண்டும் என்று அந்த கிளினிக்கில் நான் விவரம் கேட்டேன். கொடுத்தது பில்லின் கொப்பி. அதில் "ஈறு சத்திர சிகிச்சை" என்று மட்டும் இருந்தது, பக்கத்தில் தொகை.

தடிப்பைச் செதுக்கிச் சமப்படுத்தப் பேராதனையில் ஆகஸ்ட் லீவில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நிறம் அப்படியேதான் இருக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.