சர்வருக்கு அறைப் பூட்டு போதுமா, டிஸ்க்கையும் பூட்ட வேண்டுமா?

"ஆள் உள்ளே வந்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது" என்பார்கள். பாதி உண்மை. டிஸ்க் என்கிரிப்ட் ஆகாத, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்படாத லினக்ஸ் சர்வரில், கிரப் மெனுவில் (பூட் ஆகும்போது வரும் தேர்வுத் திரை) பாஸ்வேர்டு இல்லாவிட்டால், ஒரு வரியை மாற்றினாலே ரூட் ஷெல், அதாவது முழு அதிகாரம், வந்துவிடும். ஆனால் ஆள் உள்ளே வருவதைவிட டிஸ்க் வெளியே போவதுதான் அடிக்கடி நடக்கிறது. பழுதாகி வாரண்டிக்குப் போகும் டிஸ்க்கில் பல நேரம் எழுத முடியாது, அதனால் அழிக்கவும் முடியாது. ரெய்டு 1 (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் முறை) என்றால் அந்த ஒரு டிஸ்க்கிலேயே முழுத் தகவலும் இருக்கும்.

பொதுவில் கிடைக்கும் கோப்புகள் மட்டும் உள்ள சர்வர் என்றால் பூட்டு போதும். பிறர் கை படும் ரேக், வாரண்டிக்குப் போகும் டிஸ்க் என்றால் லினக்ஸின் டிஸ்க் பூட்டான லக்ஸ் என்கிரிப்ஷன் வேண்டும். சரி, பூட் ஆகும்போது சாவியை யார் தருவது?

கையால் பாஸ்பிரேஸ் (நீண்ட கடவுச்சொல்) அடிப்பது காகிதத்தில் பலமானது. நடைமுறையில், நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பினால் மெஷின் உங்களுக்காகக் காத்து நிற்கும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்தே அடிக்கலாம்தான், ஆனாலும் ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். அதனாலேயே ரீபூட் தள்ளிப்போகும், கர்னல் அப்டேட்டும் தேங்கும். திருடனுக்குப் பயந்து பழைய ஓட்டைகளோடு நெட்வொர்க்கில் நிற்பது எனக்கு லாபமாகப் படவில்லை.

இரண்டாவது வழி, மெஷினுக்குள்ளேயே சாவியைக் காக்கும் டிபிஎம் சிப். அது தானே திறந்துவிடும். டிஸ்க்கை மட்டும் கழற்றினால் பயனில்லை. ஆனால் மெஷினையே தூக்கிப் போனால் அங்கேயும் லாகின் திரைவரை சமர்த்தாக வந்து நிற்கும்.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: டாங், கிளெவிஸ் ஜோடி. டாங் நெட்வொர்க்கில் வேறொரு சர்வரில் ஓடும், கிளெவிஸ் பூட்டிய மெஷினில் இருந்து அதைக் கேட்டுத் திறக்கும். நெட்வொர்க்கில் டாங் சர்வர் எட்டினால்தான் டிஸ்க் திறக்கும். வெளியே தூக்கிப் போனால் திறக்காது. ரீபூட்டுக்கு ஆள் தேவையில்லை. டாங், டிஸ்க் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வதும் இல்லை. இரண்டு டாங் சர்வர்களை வேறு வேறு இடத்தில், தாங்கள் பூட் ஆக ஒன்றையொன்று சார்ந்திராமல் வையுங்கள். இல்லாவிட்டால் மொத்த மின்தடைக்குப் பிறகு எதுவும் எழுந்திருக்காது. கைப் பாஸ்பிரேஸ் ஒன்றும் லக்ஸின் தனி ஸ்லாட்டில் (ஒவ்வொரு சாவிக்கும் உள்ள தனி இடம்) இருக்கட்டும். நூற்றுக்கணக்கான மெஷின்களுக்கு இதை நான் ஓட்டியதில்லை, அதனால் அந்த அளவுக்கு உத்தரவாதம் தர மாட்டேன்.

ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் சாவி ரேமில் இருக்கும். அணைத்த பிறகும் சிறிது நேரம் ரேமிலிருந்து அதை எடுக்கலாம் என்று 2008-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்கே மூன்று வழிகளும் உதவாது, பழைய பூட்டுதான்.

அமைத்து முடித்ததும் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள். பாஸ்பிரேஸ் கேட்டு நின்றால் சரி. லாகின் திரை வந்தால், டாங் இல்லாமலே வேறு ஏதோ ஸ்லாட் திறக்கிறது.