ஃபுட்பால் மேனேஜர் 2024: காசில்லாத கிளப்பை எடுத்து ஆடுங்கள்

ஒரு கால்பந்து கிளப்பின் மேனேஜராக இருந்து அணியை நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜர் 2024-ஐ வாங்குகிற பலர் முதல் நாளே மான்செஸ்டர் சிட்டியையோ ரியல் மாட்ரிட்டையோ எடுத்துக்கொள்கிறார்கள். கேட்ட விலைக்கு ஒரு ஸ்ட்ரைக்கர், வரிசையாகப் பத்து வெற்றி, இரண்டு வாரத்தில் சலிப்பு. அப்புறம் "இதில் என்ன இருக்கிறது, வெறும் எக்செல் ஷீட்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த கேமைக் கீழேயிருந்து ஆட வேண்டும், சம்பளப் பட்டியலைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிற ஒரு கிளப்பை எடுத்து.

நான் எடுத்தது டார்லிங்டன். இங்கிலாந்தின் வடகிழக்கில் லட்சம் பேர் வாழ்கிற ஊர். அந்த ஊருக்கு 2003-ல் 25,000 இருக்கைகளோடு ஒரு அரங்கம் கட்டினார்கள். அந்தப் பாரத்திலிருந்து கிளப் மீளவே இல்லை. 2012-ல் நொடித்துப்போய், இங்கிலாந்து லீக்குகளின் அடுக்கில் நான்கு படி கீழே தள்ளப்பட்டு, ரசிகர்கள் தங்கள் கையிலிருந்து காசு போட்டு, 'டார்லிங்டன் 1883' என்ற பெயரில் ஒன்பதாம் நிலையிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். சில வருடம் பக்கத்து ஊர் மைதானத்தில் ஆடினார்கள். 2016 டிசம்பரில்தான் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள், அதுவும் ஒரு ரக்பி கிளப்போடு பகிர்ந்துகொள்ளும் பிளாக்வெல் மெடோஸுக்கு. அந்த சீசனில் ஐந்தாவது இடம் பிடித்தும், மேல் நிலைக்குப் போவதற்கான பிளே ஆஃப் ஆட விடவில்லை, ஏனென்றால் மைதானத்தில் விதிப்படி தேவையான 500 இருக்கைகள் இல்லை. இதையெல்லாம் படித்துவிட்டு கேமைத் திறந்தால், நேஷனல் லீக் நார்த்தில், அதாவது ஆறாம் நிலையில், உங்களுக்காகக் காத்திருக்கிறது அந்தக் கிளப்.

இங்கே ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பகுதி நேரம், வாரத்துக்கு ஓரிரு நாள்தான் பயிற்சி. வேறு கிளப்பிலிருந்து காசு கொடுத்து ஆள் வாங்குவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்; வேறு கிளப்புகள் தற்காலிகமாக லோனில் அனுப்பும் பையன்களும், வேறு யாரும் வேண்டாமென்று விட்ட ஆட்களும்தான். ஒவ்வொரு ஆட்டக்காரனின் திறமையும் 1 முதல் 20 வரை எண்ணில் இருக்கும், ஆனால் ஸ்கவுட்டை (ஆட்டக்காரர்களை நேரில் பார்த்து எடைபோடுபவரை) அனுப்பி நன்றாகப் பார்க்கச் சொல்லும்வரை அந்த எண் முழுசாகத் தெரியாது, '9-13' என்பதுபோல மங்கலாகத்தான் தெரியும். சில விஷயங்கள் எண்ணாகக் கண்ணில் படவே படாது: ஒருவன் அடிக்கடி காயப்படுவானா, முக்கியமான ஆட்டத்தில் கால் நடுங்குவானா என்பதெல்லாம் ஸ்கவுட் எழுதும் ஒரு வரியிலிருந்து நாம்தான் ஊகிக்க வேண்டும். கையில் கோடிகள் இருந்தால் தவறாக ஊகித்தாலும் அடுத்த ஆளை வாங்கிக்கொள்ளலாம். டார்லிங்டனில் ஒரு ஊகம் தப்பினால் சீசன் முழுக்க அந்தத் தப்போடுதான் ஆட வேண்டும்.

என் சேவில், அதாவது நான் சேமித்து ஆடிவரும் ஆட்டத்தில், நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கேப்டன் 34 வயது சென்டர் பேக், அதாவது நடுவில் நின்று தடுப்பவர். வேகம் 6, தலைமைப் பண்பு 17. இரண்டாவது சீசன் மார்ச்சில் இளைஞர் அணித் தேர்வு வந்தபோது 16 வயதில் ஒரு பையன் கிடைத்தான். உயரம், குதிக்கும் திறன், விடாமுயற்சி எல்லாம் அந்த வயதுக்கு அதிகம். கேப்டனின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது, சம்பளப் பட்டியலில் இருவருக்கும் இடமில்லை. ஒரு வாரம் (நிஜ வாரம்) யோசித்துவிட்டு, கேப்டனிடம் புதிய ஒப்பந்தம் இல்லை என்று சொன்னேன். மறுநாளே மூன்று பேர் அவருக்காகப் பேச என் அறைக்கு வந்தார்கள், அடுத்த நான்கு ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. அந்த மூவரையும் சமாதானப்படுத்த என்ன பதில் சொல்வது என்று கேம் காட்டிய நான்கு வாக்கியங்களுக்கு நடுவே கர்சரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பையன் இப்போது 19 வயது, கேப்டன் பட்டை அவன் கையில்.

2024 பதிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது செட் பீஸ் பகுதி, அதாவது கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றைத் திட்டமிடும் இடம். கார்னரில் யார் முன் கம்பத்துக்கு ஓட வேண்டும், யார் கோல்கீப்பரை மறிக்க வேண்டும், யார் பின்னால் நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கலாம். ஏழை அணிக்கு இது வரப்பிரசாதம், ஓடுகிற ஆட்டத்தில் நம்மைவிட நல்ல அணியைக்கூடக் கார்னரில் மடக்கிவிடலாம். அந்தப் பையனை முன் கம்பத்துக்கு ஓடவிட்டு இங்கிலாந்தின் பல நிலை அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்றில் இரண்டு நிலை மேலே இருந்த அணியை வென்றோம், 88-வது நிமிடம்.

குறைகளும் உண்டு. பத்திரிகையாளர் சந்திப்பில் திரும்பத் திரும்ப அதே கேள்விகள். உதவி மேனேஜரிடம் ஒப்படைத்துவிடுங்கள். மைதானத்தில் தெரியும் ஆட்டக்காரர்களின் உருவமும் அசைவும் பழசாகத்தான் இருக்கிறது. எதிரணியை அவர்கள் பாதியிலேயே நெருக்கிப் பந்தைப் பறிக்கும் உத்தி எந்த அணிக்கும் அளவுக்கு மீறிப் பலன் தருகிறது, அதை எடுத்தால் சவால் பாதி குறைந்துவிடும்.

புதுப் பதிப்பு இருக்கும்போது பழையது எதற்கு என்று கேட்கலாம். 2025 பதிப்பை அந்த வருடம் பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். 2026 பதிப்பு நவம்பர் 2025-ல் யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் வந்தது, பெண்கள் கால்பந்தும் முதல் முறையாக அதில் சேர்ந்திருக்கிறது. அது நல்ல விஷயம். ஆனால் திரைகளின் அமைப்பு மொத்தமாக மாறிவிட்டது, முன்பு ஒரு கிளிக்கில் கிடைத்ததைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. முதன்முதலாக ஆடுகிறவருக்கு இன்றும் 2024-ஐத்தான் சொல்வேன்.

தொடங்கும்போது இங்கிலாந்து லீக்குகளை மட்டும் ஆறாம் நிலைவரை ஏற்றுங்கள், சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். திறமை எண்களை மறைக்கும் வசதியை அணைக்காதீர்கள். அப்புறம், தோற்ற ஆட்டத்துக்கு முந்தைய சேவைத் திறந்து மறுபடி ஆடாதீர்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு டிரெஸ்ஸிங் ரூமில் என்ன பேசப்போகிறீர்கள் என்பதையும் ஆடிப் பாருங்கள்.