மாவுக்கட்டா, கத்தியா? வளைபாதப் பிள்ளைக்கு எது?

தங்கச்சி மகன் பிறந்தபோது இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. தங்கச்சிமடத்தில் பார்க்க வந்த கிழவிகள் எல்லாம் "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியாடி?" என்றுதான் கேட்டார்கள். ஆயிரம் பிரசவத்துக்கு ஏறத்தாழ ஒரு பிள்ளைக்கு வருவது இந்த வளைபாதம். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் இரண்டு கட்சி. மச்சான் ஆபரேஷன் பக்கம்: "ஒரே தடவையில முடிஞ்சிரும்." விசைப்படகில் போகிறவர், வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு அலைவது அவருக்கு நஷ்டம். நான் மாவுக்கட்டுப் பக்கம்.

பெரிய ஆபரேஷனில் தசைநாண்களையும் மூட்டு உறைகளையும் பரவலாக வெட்டித் தளர்த்துவார்கள். கால் அன்றைக்கே நேராகிவிடும், தொல்லை பிறகுதான். அப்படி அறுத்தவர்களைச் சராசரியாக 30 வருஷம் கழித்துப் பார்த்த ஆய்வு 2006இல் வந்தது. விறைப்பு, வலி, மூட்டுத் தேய்மானம் என்று பலருக்கும் கால் சரியாக உதவவில்லை.

அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் போன்செட்டி 1940களின் கடைசியில் தொடங்கிய முறையில், வாரம் ஒரு தடவை பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பிக் கட்டுவார்கள். ஐந்தாறு கட்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கடைசியில் குதிகால் தசைநாணில் மட்டும் ஒரு சின்ன வெட்டு, அதன்மேல் மூன்று வாரக் கட்டு. அவர் கைபட்டவர்களை 34 வயதுவாக்கில் பரிசோதித்த 1995ஆம் வருஷ ஆய்வில் 78 சதவீதம் பேருக்குப் பாதம் நன்றாக இருந்தது. பிறவிக் கோளாறே இல்லாதவர்களிலும் 85 சதவீதம்தான்! என் ஓட்டு எதற்கு என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கட்டு என்றால் எல்லாக் கட்டும் ஒன்றல்ல. முதலில் போன ஓரிடத்தில் முழங்காலுக்குக் கீழேயே கட்டி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் கட்டு நழுவி, விரல்கள் உள்ளே போயிருந்தன. முழங்காலை மடக்கி, தொடைவரை கட்ட வேண்டும். ஐந்து விரல் நுனியும் வெளியே தெரிய வேண்டும். அடுத்த இடத்தில்தான் இது தெரிந்தது.

தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு வேகமான வகையும் உண்டு. மலாவியில் வாரம் மூன்று கட்டு போட்டுப் பார்த்தார்கள் (2011). வழக்கமான முறையில் 42 நாள் பிடித்தது 16 நாளில் முடிந்தது, பலனும் குறையவில்லை. வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகிறவர் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கும் வருவாரா என்று மச்சானிடம் கேட்டேன். முறைத்தார்.

கட்டு அவிழ்ந்த பிறகு வருவதுதான் பெரிய பாடு: இரண்டு ஷூவையும் நடுவில் ஒரு கம்பியால் இணைத்தது. மூன்று மாதம் நாளைக்கு 23 மணி நேரம், பிறகு நாலு வயதுவரை தூங்கும்போது. திரும்ப வளைவதில் பெரும்பகுதி இதை விட்டதால்தான். வளைந்தாலும் முதலில் மறுபடி கட்டுத்தான். தேவைப்பட்டால் மூன்று வயதுவாக்கில் ஒரு தசைநாணை இடம் மாற்றுவார்கள். அங்கே கத்திக்கு நியாயம் உண்டு.

எங்கள் வீட்டில் ஷூவுக்கு எதிரி தூளி. கம்பி சேலையில் மாட்டிக்கொள்ளும், பிள்ளை வீறிடும், "பச்சப்புள்ளைக்கு விலங்கா?" என்று மாமியார் கழற்றிவிடுவார். கடைசியில் தூளியை அவிழ்த்துவிட்டுப் பாயில் போட்டோம். இப்போது அவனுக்கு மூன்று வயது. பெருவிரல் மறுபடி ஷூ முனையில் முட்டுகிறது; இந்த மாதம் அடுத்த அளவு வாங்க வேண்டும்.