வலிக்கு எது: சாதா மாத்திரையா, ஊசியா, டிரமடாலா?

"நல்ல பவரான ஊசியா போட்டு விடுங்க சார்." டெல்டாவில் எந்த அவசரப் பிரிவில் நின்றாலும் இது காதில் விழும். வரப்பில் வழுக்கிக் கால் பிசகினாலும் சரி, கல்லடைப்பில் துடித்தாலும் சரி.

கை கால் அடிக்குப் பவர் தேவைதானா? நியூயார்க்கில் 411 பேரை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு குழுவுக்குச் சாதா மாத்திரைகளான 400 மி.கி. இபுபுரூஃபெனும் 1000 மி.கி. பாரசிட்டமாலும், மற்ற மூன்று குழுக்களுக்கும் அபின் வகை மருந்து கலந்த மாத்திரை. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், வலி குறைந்ததில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை.

கல்லடைப்பில் ஊசி கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கத்தாரில் 1645 பேரிடம் நடந்த ஆய்வில் (2016) அரை மணி நேரத்தில் வலி பாதியாவது குறைந்தவர்கள்: டைக்ளோஃபெனாக் ஊசியில் 68 சதவீதம், நரம்பில் ஏற்றிய பாரசிட்டமாலில் 66, அபின் வகையான மார்ஃபினில் 61. ஆனால் வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் அறுப்பு அறுத்துவிட்டு வருகிறவருக்கு டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும். அவருக்கு என் ஓட்டு பாரசிட்டமாலுக்கே.

பாம்புக்கடி என்றால் யோசிக்கவே வேண்டாம், டைக்ளோஃபெனாக் கூடாது. கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அதன்மேல் டைக்ளோஃபெனாக்கோ ஆஸ்பிரினோ போனால் ரத்தக்கசிவு கூடும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வலி தாங்கலை என்று எங்காவது ஒரு வலி ஊசி போட்டுக்கொள்வது பெரிய வினை. டெங்குக்கும் இதே கதைதான்.

அப்புறம் டிரமடால், இதுவும் அபின் வகை வலி மருந்துதான். 2018-இலிருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. எலும்பு முறிவு போன்ற கடும் வலிக்கு அதற்கு இடம் உண்டு. டாஸ்மாக்கில் குடித்துவிட்டு பைக்கிலிருந்து விழுந்தவருக்கு அது ஆபத்து: மூச்சு மந்தமாகலாம், வலிப்பும் வரலாம். அபின் வகை மருந்தை முறிக்கும் நலோக்சோன் கொடுத்தால் மூச்சு ஓரளவு திரும்பும், வலிப்பு அதற்கு அடங்காது. மாமனார் பக்கத்தில் நிற்கிறாரே என்று "அவரு தொடவே மாட்டாரு சார்" என்பார் மனைவி. மனைவியைத் தனியே கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

பாரசிட்டமாலும் சாதுவில்லை. பெரியவர்களுக்கு நாளைக்கு 4 கிராம் உச்சவரம்பு. தினமும் குடிப்பவருக்கு இன்னும் குறைவு. மூட்டு வலி மாத்திரை, சளி மாத்திரை பலவற்றில் அது ஏற்கெனவே கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். கைமீறிப் போயிருந்தால் 8 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் அதை முறிக்கும் மருந்து ஏற்றுவது நல்லது. முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.