கழற்றிய பெடலைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

காரில் ஆக்சிலரேட்டர் பெடலை மாற்றிவிட்டு மூன்று மாதம் நான் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். இதே யோசனையில் இருக்கிற யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு ஒரு நாள் தள்ளிப் போட்டால்கூடப் போதும். கடையின் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு இருந்த குறை ரொம்பச் சின்னது. நின்ற இடத்திலிருந்து வண்டியை எடுக்கும்போது பெடலை மிதித்தால் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் நகரும். அதோடு பெடல் மேற்பரப்பு தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. மழை நாளில் ஈர ஷூவோடு மிதித்தால் கால் வழுக்கும். மேலே ஒரு அலுமினியத் தகடு போட்டுக்கொள்ளலாம் என்றுதான் அந்த ஆக்சசரீஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் காருக்குள் உட்கார்ந்து பெடலை இரண்டு முறை மிதித்தார். "சார், தகடு மட்டும் போட்டா பிக்கப் வராது. பெடல் சென்சார் வீக் ஆயிடுச்சு. முழு செட்டா மாத்திடுங்க, வண்டி பறக்கும். ஒரிஜினலை விட நல்ல ஐட்டம் இருக்கு" என்றார். காரின் கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனரை மாட்டவில்லை, வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. நான் நம்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் புதுப் பெடலும் அதன் மேல் பளபளப்பான தகடும் ஏறிவிட்டன. கழற்றியது எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. பில்லில் 'பெடல் செட்' என்று ஒரே வரி. பார்ட் நம்பரும் இல்லை, தயாரித்த கம்பெனி பெயரும் இல்லை.

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் பெடல் என்பது ஒரு நெம்புகோல்தான். மிதித்தால் கேபிள் இழுக்கும், இன்ஜினுக்குள் காற்றை விடுகிற த்ராட்டில் என்ற வால்வு திறக்கும். இப்போது ஓடுகிற பெரும்பாலான கார்களில் அந்தக் கேபிளே கிடையாது. பெடலோடு சேர்ந்தே சென்சார் இருக்கிறது. கால் எவ்வளவு இறங்கியது என்பதை அது வோல்டேஜாக மாற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான ஈசிஎம்முக்கு அனுப்புகிறது. ஈசிஎம் கணக்குப் போட்டு, ஒரு சின்ன மோட்டாரை வைத்து த்ராட்டிலைத் திறக்கிறது. ஆகவே பெடல் செட்டை மாற்றுவது என்றால், இன்ஜினுக்கு உத்தரவு போடுகிற கருவியையே மாற்றுகிறோம். மிதியடி மாற்றுகிற மாதிரி அதைக் கடையில் பேசினார்கள், நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் ஒரு வாரம் எனக்கு ரொம்பத் திருப்தி. பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. அதே அழுத்தத்துக்குக் கால் கூடுதலாக இறங்கியதால் வண்டி சுறுசுறுப்பாகிவிட்டது போல இருந்தது. ஏன் அவ்வளவு லேசாக இறங்குகிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம், குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய வலது பக்கம் ஏறி, லாரியின் பாதி நீளம் வந்திருப்பேன். செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, அதே நொடி இழுவை செத்துவிட்டது. பெடலைத் தரை வரைக்கும் மிதிக்கிறேன், இன்ஜின் சத்தம் கூடவே இல்லை. பின்னால் வந்த பஸ் விளக்கடித்துக்கொண்டே நெருங்கியது. "ஓரமா போயிடுங்க, ஓரமா போயிடுங்க" என்று மனைவி சொல்கிறார். போக ஓரம் லாரியைத் தாண்டித்தான் இருக்கிறது. லாரி டிரைவர் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்து, எனக்குப் பின்னால் இடம் கொடுத்து, பஸ்ஸை மறித்த மாதிரியே வந்தார். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. ஹசார்டு விளக்கைப் போட்டு உருண்டு உருண்டு ஓரத்துக்கு வந்து நின்றேன். இன்ஜினை அணைத்துத் திரும்பப் போட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி ஓடியது.

மறுநாள் கடைக்குப் போனேன். ஸ்கேனரை மாட்டினார், ஏதோ பட்டனை அமுக்கினார், விளக்கு அணைந்தது. "புதுப் பார்ட் இல்லையா சார், செட் ஆகக் கொஞ்ச நாள் எடுக்கும்" என்றார். பத்து நாளில் மறுபடியும் அதே கதை. மறுபடியும் அழித்துக் கொடுத்தார். மூன்றாவது முறை அவர் அழிப்பதற்கு முன்னால் நான் எட்டிப் பார்த்து ஸ்கேனர் திரையை போனில் படம் எடுத்துக்கொண்டேன். பி2138 என்று இருந்தது. நான் படம் எடுத்ததும் அவர் முகம் மாறியதை வைத்தே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பெடலுக்குள் சென்சார் ஒன்று அல்ல, இரண்டு இருக்கும். இரண்டும் தனித்தனியாக வோல்டேஜ் அனுப்பும். ஒன்று தப்பாகச் சொன்னாலும் இன்னொன்றை வைத்து ஈசிஎம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இரண்டும் சொல்வது ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் வருகிற கோளாறு எண்தான் (எரர் கோடு) பி2138. அப்போது எந்தச் சென்சாரை நம்புவது என்று தெரியாமல் ஈசிஎம் இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். அதைத்தான் லிம்ப் மோடு என்கிறார்கள். அந்தக் கோளாறு தானாக செட் ஆகிற விஷயமே கிடையாது. அதைத் தெரிந்தே மூன்று முறை அழித்து, மூன்று முறையும் குடும்பத்தோடு என்னை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பெடல் மட்டமாக இருந்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன், இதை முடியாது.

அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லி, கார் எலக்ட்ரிக்கல் வேலை மட்டும் செய்கிற ஒரு மெக்கானிக்கிடம் போனேன். வயதில் பெரியவர். படத்தைக் காட்டியதும் ஸ்கேனரைத் தொடவே இல்லை, மல்டிமீட்டரை எடுத்தார். கனெக்டரின் பின்பக்கம் மெல்லிய ஊசி செருகி, "தம்பி, சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. நான் சொல்லச் சொல்ல மெதுவா மிதிங்க" என்றார். கால் வைக்காதபோது ஒரு ஒயரில் 0.8 வோல்ட், இன்னொன்றில் 0.4. என் காரில் முதலாவது எப்போதும் இரண்டாவதைப் போல் இரு மடங்கு இருக்க வேண்டும். எல்லாக் காரிலும் இதே கணக்கு இல்லை, மாடலுக்கு மாடல் மாறும். கால் இறங்க இறங்க 1.2க்கு 0.6, 1.6க்கு 0.8 என்று சரியாகவே ஏறியது. பாதி தாண்டியதும் முதல் ஒயர் 2.6க்குப் போனது, இரண்டாவது 1.3க்கு வராமல் 0.9க்கு விழுந்து, ஒரு துடிப்புத் துடித்து, பிறகு மேலே ஏறியது. "திரும்ப விட்டு மிதிங்க" என்றார். அதே இடத்தில் அதே விழுகை. ஐந்தாறு முறை செய்தோம், ஒவ்வொரு முறையும் அங்கேதான். ஓவர்டேக் செய்யும்போது கால் நிற்கிற இடம் அது.

பெடலைக் கழற்றினார். மூன்று போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவது ஓட்டை பொருந்தவே இல்லை, அப்படியே விட்டிருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரே ஒரு ஸ்பிரிங். அவர் தன் பட்டறையில் கிடந்த ஒரு பழைய ஒரிஜினல் பெடலை எடுத்துக் காட்டினார். அதில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங். "ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொண்ணு பெடலை மேல கொண்டு வரணும் தம்பி. அதுக்குத்தான் ரெண்டு."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஆக்சிலரேட்டருக்கென்றே 124ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி 1973 முதல் நடப்பில் இருக்கிறது. காலை எடுத்தால் த்ராட்டிலைத் திரும்ப மூடக் குறைந்தது இரண்டு தனித்தனி விசைகள் இருக்க வேண்டும், ஒன்று போனாலும் மற்றது மூட வேண்டும், சாதாரணக் கார்களில் ஒரு நொடிக்குள் அது நடந்தாக வேண்டும் என்கிறது அந்த விதி. பஞ்சு மாதிரி இறங்குகிறது என்று நான் சந்தோஷப்பட்ட பெடல், ஒரு ஸ்பிரிங்கை மிச்சம் பிடித்துச் செய்தது.

இன்னொன்றையும் அந்த மெக்கானிக் காட்டினார், அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. டிரைவர் பக்கத்தில் தரையில் விரிக்கிற மேட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பெடலின் கீழ் முனை வருகிற இடத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டுத் தடம். அலுமினியத் தகடு பழைய பெடலை விட ஒரு விரல் அகலம் கீழே நீண்டிருந்தது. முழுதாக மிதிக்கும்போதெல்லாம் அதன் முனை மேட்டைக் குத்தியிருக்கிறது. மேட் கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தால் முனை அதற்குள் மாட்டிக்கொண்டு பெடல் தரையோடு நின்றிருக்கும். திரும்ப இழுக்க இருந்ததும் அந்த ஒற்றை ஸ்பிரிங்தான்.

இது மிகைப்படுத்திச் சொல்வது இல்லை. 2009 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் காரில் வேறு மாடலுக்கான ரப்பர் மேட்டைப் போட்டிருந்தார்கள். பெடல் அதில் மாட்டிக்கொண்டு, காரில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதன் பிறகு டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்து, மேட்டுக்கும் பெடலுக்கும் இடைவெளி கிடைக்க வேண்டும் என்று பெடலின் வடிவத்தையே மாற்றியது. பல கார்களில் பெடலின் கீழ் முனையை வெட்டிக் குட்டையாக்கினார்கள். காரைச் செய்தவர்களே வெட்டிக் குறைத்த இடத்தில்தான் அழகுக்கு என்று தகட்டை நீட்டி ஒட்டி விற்கிறார்கள்.

தகட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. பிரேக் பெடல் கொஞ்சம் உயரமாகவும் ஆக்சிலரேட்டர் கொஞ்சம் தாழ்வாகவும் இருப்பது காரணத்தோடுதான். தடித்த தகடு அந்த உயர வித்தியாசத்தைத் தின்றுவிடும், அகலமான தகடு பக்கத்து இடைவெளியைத் தின்றுவிடும். பிரேக்கை மிதிக்கும்போது ஷூ ஓரம் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அமுக்கும். எனக்கு இரண்டு முறை அப்படி நடந்தது, ஷூ பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தகட்டில் இருந்த ரப்பர் குமிழ்களும் ஒன்றரை மாதத்தில் நாலைந்து உதிர்ந்துவிட்டன. வெறும் அலுமினியம் ஈரத்தில் பழைய பெடலை விட மோசமாக வழுக்கியது.

சரி, ஆரம்பத்தில் இருந்த தயக்கம்? த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தது. மெக்கானிக் அதைச் சுத்தம் செய்து, கால் வைக்காதபோது இன்ஜின் ஓடுகிற ஐடில் அளவை ஈசிஎம்முக்கு மறுபடியும் பழக்கிக் கொடுத்தார். தயக்கம் பெரும்பாலும் போய்விட்டது. பழைய பெடலுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அந்தப் பழைய பெடலைக் கேட்டுக் கடைக்குப் போனேன். "அது ஸ்கிராப்ல போயிடுச்சு சார்." பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மாட்டின எலக்ட்ரிக்கல் அயிட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது என்றார். மல்டிமீட்டர் அளவுகளை எழுதிக் காட்டினேன், தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். பெடலுக்கும் ஈசிஎம்முக்கும் நடுவில் மாட்டுகிற த்ராட்டில் கன்ட்ரோலராம், பவர் கூடுமாம். பவர் ஒரு துளிகூட அதிகமாகாது. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாக ஈசிஎம்மிடம் சொல்லும், அவ்வளவுதான். முழுதாக மிதித்தால் பழைய சக்திதான் வரும். ஏற்கெனவே தடுமாறுகிற சென்சாருக்கும் ஈசிஎம்முக்கும் நடுவில் இன்னொரு பெட்டியை வைக்கச் சொல்கிறவரிடம் பேச ஒன்றுமில்லை என்று கிளம்பிவிட்டேன்.

யாராவது இதே மாதிரிப் பெடலோ தகடோ போட்டிருந்தால், இன்றைக்கே இன்ஜினை அணைத்து வைத்து, மேட்டை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, பெடலைத் தரை வரைக்கும் மிதித்து, காலைப் பக்கவாட்டில் சட்டென்று எடுத்துப் பாருங்கள். பெடல் எங்கேயும் உரசாமல் உடனே மேலே வர வேண்டும். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் கோளாறு எண்ணைப் படம் எடுக்காமல் யாரையும் அழிக்க விடாதீர்கள்.

ஓடும்போதே பெடல் மாட்டிக்கொண்டால் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள். த்ராட்டில் திறந்திருக்கும்போது பிரேக் அழுத்தத்துக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டருக்கு வேக்கம் (வெற்றிடம்) சரியாகக் கிடைக்காது, இரண்டு மூன்று முறை விட்டு மிதித்தால் பிரேக் கல்லாகிவிடும். கூடவே நியூட்ரலுக்கு மாற்றுங்கள். இன்ஜின் அலறட்டும், வண்டிக்கு இழுவை போய்விடும். நின்ற பிறகு அணைத்தால் போதும். ஓடுகிற வண்டியில் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.

சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே புதிய ஒரிஜினல் பெடலை வாங்கினேன். அந்த மெக்கானிக்கே மாட்டி, மறுபடியும் ஊசி செருகி மேலிருந்து கீழ் வரை அளந்து காட்டினார். 2.6க்கு 1.3, கடைசியில் 4க்கு 2. எங்கேயும் விழவில்லை. போன வாரம் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன், இதுவரை பதில் இல்லை. மெக்கானிக் கழற்றிய அந்த மட்டமான பெடல், வெட்டுத் தடம் விழுந்த மேட், பில், ஸ்கேனர் படம் எல்லாம் ஒரே பையில் கட்டி அலமாரியில் இருக்கிறது. "மேட்டை மட்டும் கொண்டு வாங்க, புதுசு தர்றோம்" என்று கடையிலிருந்து ஒரு முறை போன் வந்தது. கொடுக்கவில்லை.