விண்டோஸ்ல இல்லாத ஃபங்ஷன்: வெர்ஷன் செக்கா, டிலே லோடா, கெட்ப்ராக்அட்ரஸா?

போன தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கைல காலைல ஏழு மணிக்கே ஒரு பலகாரக் கடைலேருந்து போன். ஆச்சி தான் பேசுனாங்க. "தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, இப்பத் தொறந்தா இங்கிலீஷ்ல என்னமோ ஒரு பொட்டி வந்து நிக்கிது, ஓகே குடுத்தா அதோட அதுவும் போயிருது, பில்லே போட முடியல." முந்தின நாள் சாயங்காலம் புது அப்டேட் அனுப்புனது நான் தான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு சுத்துப்பட்டுக் கடைங்களுக்கு சி++ல பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்குறது தான் என் பொழப்பு, அதனால வண்டிய எடுத்துட்டு ஓடுனேன். நான் போறதுக்குள்ள துண்டுச் சீட்டுல மணகோலம் ரெண்டு கிலோ, சீப்புச் சீடை ஒரு கிலோன்னு கையால எழுதிக்கிட்டிருக்காங்க, கல்லாவுக்கு முன்னாடி பத்து பேர் நிக்கிறாங்க.

ஸ்க்ரீன்ல இருந்தது இது தான்: கெட்சிஸ்டம்டைம்ப்ரிசைஸ்ஆஸ்ஃபைல்டைம்ங்கிற என்ட்ரி பாயின்ட் கெர்னல்32 டிஎல்எல்ல கெடைக்கலை. டிஎல்எல்னா பல ப்ரோக்ராமும் பகிர்ந்துக்கிற ஃபங்ஷன் தொகுப்பு, கெர்னல்32 விண்டோஸோட அடிப்படைத் தொகுப்பு, அதுல துல்லியமா நேரம் சொல்ற ஒரு ஃபங்ஷனைக் காணோம்னு அர்த்தம். அந்த ஃபங்ஷன் விண்டோஸ் 8ல வந்தது, ஆச்சி கடை மெஷின் விண்டோஸ் 7. அதை நான் கூப்பிட்டிருந்தது மொத்த ப்ரோக்ராம்லயும் ஒரே ஒரு எடத்துல. அந்த எடத்துக்குப் போகவே வேண்டாம், எக்ஸி ஃபைலோட இம்போர்ட் லிஸ்ட்ல, அதாவது வெளிலேருந்து வேணுங்கிற ஃபங்ஷன் பட்டியல்ல, அந்தப் பேர் இருந்தாலே போதும், ப்ரோக்ராமை மெமரில ஏத்துற விண்டோஸ் லோடர் மெயினுக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடியே கதவைச் சாத்திரும். பழைய எக்ஸியப் போட்டுக் கடையை ஓட விட்டுட்டு வந்து உக்காந்து, இதுக்கு நிரந்தரமா என்ன பண்றதுன்னு மூணு வழியவும் பண்ணிப் பாத்தேன்: விண்டோஸ் வெர்ஷனப் பாத்து முடிவு பண்றது, டிஎல்எல்லத் தேவைப்படும்போது மட்டும் ஏத்துற டிலே லோடு, ஓடும்போதே ஃபங்ஷன் பேரைக் குடுத்து அட்ரஸைக் கேக்குற கெட்ப்ராக்அட்ரஸ்.

வெர்ஷன் செக் பத்தி முதல்ல சொல்லிட்டுக் கடந்துர்றேன். நெறைய பேர் நெனைக்கிறது, 'விண்டோஸ் 8க்கு மேலன்னா இதைக் கூப்பிடு, இல்லாட்டி பழசைக் கூப்பிடு'ன்னு ஒரு இஃப் போட்டாச் சரியாப் போயிரும்னு. போகாது. இஃப் ஓடணும்னா ப்ரோக்ராம் மொதல்ல தொறக்கணும், லோடர் தான் அதுக்கு முன்னாடியே நிறுத்திருதே. அதோட வெர்ஷன் நம்பரையே முழுசா நம்ப முடியாது, எக்ஸியோட சேர்ற மேனிஃபெஸ்ட்ங்கிற குறிப்புல இந்த வெர்ஷன் வரைக்கும் எனக்குத் தெரியும்னு எழுதி வைக்கலேன்னா வெர்ஷன் கேக்குற கெட்வெர்ஷன்எக்ஸ் 8.1லயும் 10லயும் 6.2ன்னு தான் சொல்லும், அதாவது விண்டோஸ் 8னு. இன்னொண்ணு, சில விஷயம் வெர்ஷனோட வர்றதில்ல, நடுவுல ஒரு அப்டேட்ல வரும், அந்த அப்டேட் போட்ட விண்டோஸ் 7ல இருக்கும் போடாத விண்டோஸ் 7ல இருக்காது, ரெண்டுக்கும் வெர்ஷன் நம்பர் ஒரே 6.1 தான். நமக்குத் தெரிய வேண்டியது ஃபங்ஷன் இருக்கா இல்லையாங்கிறது, அதை நேராவே கேட்டுரலாம்.

பழசுக்கு ஒரு எக்ஸி புதுசுக்கு ஒரு எக்ஸின்னு ரெண்டு பில்ட் வச்சிக்கிறதும் உண்டு. நம்ம ஊர்க் கடைல கீழ இருக்கிற மெஷின்லேருந்து மாடி மெஷினுக்கு ஃபோல்டரோட பென்டிரைவ்ல தூக்கிட்டுப் போயி ஒட்டிருவாங்க. எந்த எக்ஸி எங்க இருக்குன்னு ஒரு மாசத்துல யாருக்கும் தெரியாது. எனக்கு ஒத்து வரல.

டிலே லோடு உண்மையிலேயே நல்ல வசதி. எக்ஸியக் கோத்துக் குடுக்குற லிங்க்கர்ல இந்த டிஎல்எல்லத் தாமதமா ஏத்துன்னு ஒரு ஆப்ஷன் குடுத்தாப் போதும், கோடு ஒரு வரி மாத்த வேண்டியதில்ல, ஃபங்ஷனை எப்பவும் போலக் கூப்பிடலாம், முதல் தடவை கூப்பிடும்போது தான் தேடும். கெடைக்கலேன்னா ஸ்ட்ரக்சர்டு எக்ஸெப்ஷன்னு விண்டோஸோட பிழை சிக்னல் ஒண்ணு கெளப்பும், அதைப் புடிக்கலேன்னா ப்ரோக்ராம் அங்கயே சாயும். அதாவது காலைல தொறக்கும்போது வர வேண்டிய பிரச்சனை, மத்தியானம் ரெண்டு மணிக்கு பாதி பில்லுல வரும், கடைக்காரருக்கு ரெண்டாவது தான் பெரிய கஷ்டம். தேடிக் கெடைக்காதப்ப ஓடுற ஃபெயிலியர் ஹூக் எழுதி, கெடைக்காத ஃபங்ஷனுக்குப் பதிலா நம்ம ஃபங்ஷனைக் கையில குடுக்கலாம், அது முறையான வழி தான், நானும் எழுதிப் பாத்தேன். ஆனா எனக்கு அது பாதிலயே நின்னு போச்சு, ஏன்னா கெர்னல்32வ டிலே லோடு பண்ணவே முடியாது, தேடுற வேலையப் பாக்குற டிலே லோடு ஹெல்ப்பரே கெர்னல்32வ நம்பித்தான் ஓடுது. பழைய விண்டோஸ்ல இல்லாததுன்னு நான் எடுத்த லிஸ்ட்ல பதினோரு ஃபங்ஷன், அதுல ஒம்பது கெர்னல்32ல இருக்கு.

அதுக்காக டிலே லோடை ஒதுக்கிரல. ஒரு கடைல எடை மெஷினோட பேசுற டிஎல்எல், நாப்பது ஃபங்ஷன் இருக்கு, அந்த மெஷின் இருக்கிற கடைல மட்டும் தான் டிஎல்எல்லே இருக்கும். நாப்பதுக்கும் கையால பாயின்டர், அதாவது ஃபங்ஷனோட அட்ரஸை வைக்கிற எடம், எழுதுறது வெட்டி வேலை. தொறந்ததும் லோட்லைப்ரரி பண்ணி டிஎல்எல் ஏறுதான்னு பாப்பேன், ஏறுச்சுன்னா எடை மெனுவக் காட்டுவேன், இல்லேன்னா மறைச்சிருவேன், மத்ததை டிலே லோடு பாத்துக்கும். டிஎல்எல்லே மொத்தமா இருக்கு இல்லைங்கிற கேஸுக்கு அது தான் சரி.

மத்த எல்லாத்துக்கும் இப்ப கெட்ப்ராக்அட்ரஸ் தான், அதுவும் கண்ட எடத்துலயும் போடாம ஒரே ஒரு ஃபைல்ல ஒரு டேபிளா. ஒவ்வொரு வரிலயும் நாலு விஷயம்: டிஎல்எல் பேர், ஃபங்ஷன் பேர், இல்லேன்னா என்னோட எந்த ஃபங்ஷனை வைக்கணும், அது எந்த விண்டோஸ்ல வந்தது. ப்ரோக்ராம் தொறந்ததும் டேபிள் மேலேருந்து கீழ ஒரு தடவை ஓடும், கெடைச்சா அதோட அட்ரஸ், கெடைக்கலேன்னா ஃபால்பேக்கோட, அதாவது நான் வச்ச மாத்து ஃபங்ஷனோட அட்ரஸ், அப்புறம் மத்த கோடு எதுவும் இருக்கா இல்லையான்னு கேக்குறதே இல்ல, பாயின்டரக் கூப்பிடும் அவ்வளவு தான். மணகோலம் தீந்துருச்சுன்னா தேன்குழல் போட்டுக் குடுன்னு காலைலயே சொல்லி வச்ச மாதிரி, வாடிக்கையாளர் வந்து நிக்கும்போது யோசிக்க வேண்டியதில்ல. ஆச்சி கடைல மாட்டுன அந்த டைம் ஃபங்ஷனுக்கு ஃபால்பேக் ரொம்ப சுலபம், கெட்சிஸ்டம்டைம்ஆஸ்ஃபைல்டைம்னு பழைய ஃபங்ஷன் ஒண்ணு இருக்கு, ஆர்க்யுமென்ட் அதே தான், நேரா அதோட அட்ரஸையே வச்சிரலாம். விண்டோ எந்த டிபிஐல, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளில இருக்குன்னு கேக்குற கெட்டிபிஐஃபார்விண்டோ விண்டோஸ் 10 1607ல வந்தது, அதுக்கு கெட்டிவைஸ்கேப்ஸ வச்சு நாலு வரி எழுதணும்.

இதுல கவனமா இருக்க வேண்டிய சில எடம் இருக்கு, நான் விழுந்து எந்திரிச்சது எல்லாமே. ஸ்ட்ரிங் வாங்குற பல ஃபங்ஷனுக்குக் கடைசில யுனிகோடு வகைன்னு காட்டுற டபிள்யூ சேத்து எழுதணும், அதுக்கெல்லாம் ஹெடர்ல இருக்கிற பேர் வெறும் மேக்ரோ, டிஎல்எல்ல அந்தப் பேர்ல எதுவும் இருக்காது, 127ன்னு எர்ரர் வரும், நாம விண்டோஸ்லயே இல்லன்னு நெனைச்சிட்டு ஃபால்பேக்லயே ஓடிக்கிட்டிருப்போம். பாயின்டர் டைப்பைக் கையால எழுதும்போது ஃபங்ஷனை எந்த முறைல கூப்பிடணும்னு சொல்ற வின்ஏபிஐங்கிற வார்த்தைய விட்டுட்டா 64 பிட்ல ஒண்ணும் தெரியாது, 32 பிட் பில்ட்ல ஸ்டாக் கலைஞ்சு சம்பந்தமே இல்லாத எடத்துல சாகும். எனக்கு அப்படி ரெண்டு நாள் போச்சு, ஏன்னா என் மெஷின்ல 64, கடைல 32. இப்பக் கையால எழுதுறதே இல்ல, டெக்ல்டைப் போட்டு ஹெடர்லேருந்தே டைப்பை எடுத்துக்கிறேன், அதனால இம்போர்ட் எதுவும் உண்டாகாது.

லோட்லைப்ரரிக்கு வெறும் பேர் குடுத்தா எக்ஸி இருக்கிற ஃபோல்டர்லயும் தேடும், அங்க யாராவது அதே பேர்ல ஒரு டிஎல்எல்லப் போட்டு வச்சா அது தான் ஏறும். சிஸ்டம்32ல மட்டும் தேடுன்னு ஒரு ஃப்ளாக் இருக்கு, ஆனா விண்டோஸ் 7ல கேபி2533623 அப்டேட் போட்டிருந்தாத் தான் அந்த ஃப்ளாக்கே வேலை செய்யும், அதனால போடாத மெஷினுக்கு கெட்சிஸ்டம்டைரக்டரி வாங்கி முழுப் பாதையக் குடுக்கிறேன். கெர்னல்32 எப்பவும் ஏறித்தான் இருக்கும், அதுக்கு கெட்மாட்யூல்ஹேண்டில் போதும். ஆனா எல்லாம் கெர்னல்32ல தான் இருக்கும்னும் இல்ல, த்ரெடுக்குப் பேர் வைக்கிற செட்த்ரெட்டிஸ்க்ரிப்ஷன் சர்வர் 2016ல கெர்னல்பேஸ் டிஎல்எல்ல மட்டும் தான் கெடைக்கும், அதனால ரெண்டுலயும் தேடணும்.

ஒரு நெஜமான கொறையும் உண்டு. டெக்ல்டைப் வேலை செய்யணும்னா எந்த விண்டோஸ் வரைக்கும் உள்ள ஃபங்ஷனை ஹெடர் காட்டணும்னு சொல்ற வின்32 வின்என்டி மேக்ரோவப் புது விண்டோஸ் அளவுக்கு ஏத்தி வைக்கணும், அப்படி ஏத்துனா நான் மறதியா ஒரு புது ஃபங்ஷனை நேராக் கூப்பிட்டாலும் கம்பைலர் கண்டுக்காது. ஆச்சி கடைல நடந்தது அதே தான். அதுக்கு பில்ட் முடிஞ்சதும் டம்ப்பின்ங்கிற டூல்ல இம்போர்ட் லிஸ்ட்ட எடுத்து, டேபிள்ல இருக்கிற எந்தப் பேராவது, இல்ல விண்டோஸ் 7ல இல்லாத வேற எந்தப் பேராவது அதுல வந்திருந்தா பில்ட்டையே நிறுத்துற மாதிரி ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி வச்சிருக்கேன்.

இவ்வளவு வேலை இருந்தும் ஏன் இந்த வழின்னா, எனக்கு முடிவு பண்ண வச்சது ஒரே விஷயம், ஃபால்பேக்கை என் மெஷின்லயே ஓட்டிப் பாக்க முடியுது. யோசிச்சுப் பாருங்க, என் மேசை மேல இருக்கிற மெஷின் விண்டோஸ் 11, இங்க எல்லா ஃபங்ஷனும் இருக்கு, ஃபால்பேக் கோடு ஒரு தடவை கூட ஓடாது. ஓடாத கோடு எழுதுன அன்னைக்குச் சரியா இருந்திருக்கலாம், ஒரு வருஷம் கழிச்சு சுத்தி இருக்கிற கோடெல்லாம் மாறுனதுக்கு அப்புறம் சரியா இருக்கும்னு யார் சொல்ல முடியும். அது மொதல்ல ஓடப் போறது கடைல, கூட்டத்துல. வெர்ஷன் செக்ல இதைச் சோதிக்கணும்னா பழைய விண்டோஸ் ஒண்ண வர்ச்சுவல் மெஷின்ல வச்சுப் பராமரிக்கணும், நானும் ஒண்ணு வச்சிருக்கேன், ஆனா தெனமும் யாரும் அதுல ஓட்டிப் பாக்கப் போறதில்ல. டிலே லோடுல ஹூக் வச்சு இல்லாத மாதிரி நடிக்க வைக்கலாம், கெர்னல்32க்கு அதுவும் இல்ல. டேபிள்ல ஒரே ஒரு இஃப் போதும். செட்டிங்ஸ் ஃபைல்ல நான் எழுதி வச்ச பேரெல்லாம் கெடைச்சாலும் கெடைக்காத மாதிரி ஃபால்பேக்க வச்சிரும். வெள்ளிக்கெழமை முழுக்க எல்லாத்தையும் இல்லாத மாதிரி வச்சுத்தான் வேலை பாக்குறேன்.

முதல் வெள்ளிக்கெழமையே ஒண்ணு மாட்டுச்சு. பில்லுல பலகாரம் ஏறுன வரிசைலயே ப்ரிண்ட் வரணும்னு ஒவ்வொரு வரியோட டைமையும் வச்சு வரிசைப்படுத்திருந்தேன். ப்ரிசைஸ் டைம்ல ஒவ்வொரு வரிக்கும் வேற வேற நேரம் வந்துரும். பழைய ஃபங்ஷன் சுமார் 15 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை தான் நகரும், பழைய ஆர்டரத் திருப்பி ஏத்தும்போது பன்னெண்டு வரியும் ஒரே நேரத்துல உக்காந்துருச்சு, ப்ரிண்ட்ல மாவுருண்டை மேலயும் முறுக்கு கீழயுமா கலைஞ்சு வந்துச்சு. ரெண்டு ஃபங்ஷனுக்கும் ஆர்க்யுமென்ட் ஒண்ணு தான், ஆனா குணம் ஒண்ணு இல்ல. டைமை விட்டுட்டு வரிசை நம்பர் போட்டுச் சரி பண்ணுனேன். இதைக் கடைல கண்டுபிடிச்சிருந்தா இன்னொரு தடவை காலைல ஏழு மணிக்குப் போன் வந்திருக்கும்.

பாயின்டர் கெடைச்சிருச்சுன்னாலே வேலை செய்யும்னும் அர்த்தம் இல்லைங்கிறதையும் சொல்லணும். விண்டோஸ் 98 காலத்துல டபிள்யூ ஃபங்ஷன்ல நெறையது சும்மா பேருக்குத் தான் இருக்கும், கூப்பிட்டா 120ன்னு எர்ரர் குடுத்துட்டு நிக்கும். லினக்ஸ்லயும் இதே கதை, ரேண்டம் எண் குடுக்குற கெட்ரேண்டம் கெர்னல் 3.17ல வந்தது, சி லைப்ரரியான க்ளிப்சி 2.25ல ஃபங்ஷனா வந்தது, புது க்ளிப்சி பழைய கெர்னல் மேல உக்காந்திருந்தா பேர் கெடைக்கும், கூப்பிட்டா அந்த வசதி இல்லைங்கிற இனோசிஸ் எர்ரர் தான் வரும். அதனால ரிடர்ன் வேல்யூவப் பாக்குறதை விடக் கூடாது. மேக்ல நான் ரெண்டு சின்ன வேலை தான் பண்ணிருக்கேன், அந்த அளவுல பாத்தா அங்க ஃபங்ஷன் இல்லேன்னாலும் ப்ரோக்ராமைத் தொறக்க விடுற வீக் லிங்க்கிங்கும், இந்த வெர்ஷன்ல இருக்கான்னு கேக்குற அட் அவெய்லபிளும் சேந்து ரொம்ப சொகமா இருக்கு, செக் போடாமக் கூப்பிட்டா கம்பைலரே எச்சரிக்குது. விண்டோஸ்ல அது இருந்திருந்தா என் டம்ப்பின் ஸ்க்ரிப்டுக்கு வேலையே இல்ல.

ரஸ்ட், கோ எழுதுறவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம கோடுல எவ்வளவு டேபிள் போட்டாலும் லாங்குவேஜோட ரன்டைமே புது ஃபங்ஷனை இம்போர்ட் பண்ணுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. கோ 1.21லேருந்தும் ரஸ்ட் 1.78லேருந்தும் கொறைஞ்சது விண்டோஸ் 10 வேணும், ரஸ்ட்ல 7க்குன்னு தனி டார்கெட் இருக்கு, ஆனா அது அடுக்கு மூணு, அதாவது கடைசி நிலை சப்போர்ட். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2020 ஜனவரி 14ஓட முடிஞ்சு போச்சு, யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஆனா கல்லாப்பொட்டி பக்கத்துல இருக்கிற மெஷின் அந்தத் தேதியைப் பாத்து மாறுறதில்ல.

டேபிளோட நாலாவது விஷயம், எந்த விண்டோஸ்ல வந்ததுங்கிறது, அந்த வரிய எப்ப அழிக்கலாம்னு தெரிஞ்சுக்கத் தான். போன மாசம் ஆத்தங்குடில ஒரு டைல்ஸ் பட்டறைல கடைசி எக்ஸ்பி மெஷின மாத்துனாங்க, அன்னைக்கு ராத்திரியே கெட்டிக்கவுண்ட்64 வரிய எடுத்துட்டு நேரா இம்போர்ட் பண்ணிட்டேன், அது விஸ்டாவுலயே வந்துருச்சு. ஆச்சி கடைல இன்னும் 7 தான் ஓடுது. பொங்கல் கழிச்சு மாத்துறேன்னு சொல்லிருக்காங்க, அதுவரைக்கும் அந்த டைம் வரி அப்படியே இருக்கும்.