கூலன்ட் ஃபனல் கிட்: ரேடியேட்டர் வேலைக்குப் பிறகு ஹீட் ஆகும் வண்டிக்கு வாங்கலாமா?

வீட்டிலேயே கூலன்ட், தெர்மோஸ்டாட் வால்வு (என்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குக் கூலன்ட்டைத் திறந்துவிடும் அடைப்பு) அல்லது ரேடியேட்டர் ஹோஸ் மாற்றிய பிறகு வண்டி ஹீட் ஆனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது உள்ளே சிக்கிய காற்றைத்தான். மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்பார்கள். என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் காற்று தங்கினால் அந்த இடத்தில் கூலன்ட் உலோகத்தைத் தொடாது. தெர்மோஸ்டாட்டின் மெழுகுக் குமிழைச் சுற்றிக் காற்று நின்றால், என்ஜின் கொதித்தாலும் வால்வு சரியாகத் திறக்காது. டெம்பரேச்சர் முள் திடீரென ஏறி, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வரும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ஏர் லாக் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதற்காக விற்கும் கருவிதான் கசியாத ஃபனல் கிட். அமெரிக்காவின் லைல் 24680 பரவலாக அறியப்பட்டது. அதே அமைப்பில் பெயரில்லாத கிட்டுகளும் ஆன்லைனில் நிறையக் கிடைக்கின்றன. ஒரு பெரிய பிளாஸ்டிக் ஃபனல், அதை அடைக்க நீண்ட தண்டு, ரேடியேட்டர் வாயில் பொருத்தப் பல அளவு அடாப்டர்கள், சாய்வான இணைப்புக் குழாய் ஒன்று. பெட்டிக்குள் அவ்வளவுதான் இருக்கும். ஆனால் வேலை நடக்கும் விதம் அருமையானது. ரேடியேட்டர் வாய்க்கு மேலே ஃபனலில் கூலன்ட் நிற்பதால், மொத்த அமைப்பிலும் உயரமான இடம் அதுவாகிறது. உள்ளிருக்கும் காற்று மேலேறி வெளியேற, அந்த இடத்தைக் கூலன்ட் உடனே நிரப்புகிறது. சூட்டில் விரியும் கூலன்ட் தரையில் கொட்டாமல் ஃபனலுக்குள்ளேயே ஏறி இறங்கும்.

செய்முறையை அவசரப்படுத்தக் கூடாது. என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போதுதான் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக இருந்தால் நல்லது. அடாப்டரைக் கையால் இறுக்கினால் போதும். பிளாஸ்டிக் ரேடியேட்டர் வாயைக் குறடு போட்டுத் திருகினால் விரிசல் விடும். ஃபனலில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் ஊற்றி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள். நம் ஊரில் ஹீட்டரைத் தொடுபவர்கள் குறைவு என்பதால் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். சில வண்டிகளில் ஹீட்டர் வால்வு மூடியிருந்தால் அந்தக் குழாய்க்குள் இருக்கும் காற்று அங்கேயே நின்றுவிடும். காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூ இருந்தால் அதையும் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் வந்ததும் மூடிவிடுங்கள்.

ஐடிலில் ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அப்போது பெரிய குமிழிகள் வந்து ஃபனலில் மட்டம் சட்டெனக் குறையும். மேல் ஹோஸை, சூடு தாங்கும் கையுறையுடன், மெதுவாகப் பிசைந்து விடலாம். இடையிடையே 2000 முதல் 2500 ஆர்பிஎம் வரை ரேஸ் கொடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருந்து, குமிழிகள் நின்ற பிறகு என்ஜினை அணையுங்கள். ஆறியதும் தண்டை இறக்கி அடைத்து ஃபனலை எடுத்தால் மிச்சக் கூலன்ட் சிந்தாது. கிட்டின் மிக வசதியான அம்சம் இதுவே.

ஃபனல் மாட்டியிருக்கும்வரை அமைப்பில் அழுத்தம் கிடையாது என்பதைப் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் அழுத்தமில்லாமல் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். வெறும் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஃபேனோ பல வண்டிகளில் 95 டிகிரியை ஒட்டித்தான் ஓடத் தொடங்கும். ஆகவே வெறும் தண்ணீரை ஊற்றி இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால், ஃபேன் ஓடும் முன்பே ஃபனல் பொங்கிவிடும். போர்வெல் தண்ணீரும் வேண்டாம். அதன் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும். கான்சன்ட்ரேட் (நீர் கலக்காத கூலன்ட்) வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். ரெடிமிக்ஸ் என்றால் எதுவும் கலக்கக் கூடாது. ஒரே நிறம் என்பதால் இரண்டு கூலன்ட்களும் ஒரே வகை ஆகிவிடாது. வண்டியின் மேனுவல் சொல்லும் வகையை மட்டும் வாங்குங்கள். சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம், தெருநாயும் பூனையும் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

வேலை முடிந்ததும் ரிசர்வ் டப்பாவை மேல் கோடு வரை நிரப்புங்கள். அது காலியாக இருந்தால் என்ஜின் ஆறும்போது ரேடியேட்டர் மீண்டும் காற்றையே உறிஞ்சும், அத்தனை வேலையும் வீணாகும். வடித்த கூலன்ட்டை அளந்து வைத்திருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். 4 லிட்டர் வடித்து 3 லிட்டர்தான் உள்ளே போயிருந்தால், மிச்ச இடத்தில் காற்று இருக்கிறது.

குறைகளும் உண்டு. மலிவான கிட்டுகளில் அடாப்டரின் ரப்பர் வளையம் சூட்டில் உப்பி வாயில் சரியாக உட்காராது. அப்போது காற்று வெளியேறுவதற்குப் பதில் கூலன்ட் கசியும். மாருதி, ஹோண்டா போன்ற வண்டிகளின் சிறிய வாய்க்குரிய அடாப்டர் இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். போலோ, ஃபிகோ போல மரை மூடியுள்ள அழுத்த டேங்க் கொண்ட வண்டிகளுக்கு இந்தக் கிட்டால் பெரிய பயனில்லை. அவற்றில் டேங்கே உயரத்தில் இருந்து காற்றை வாங்கிக்கொள்ளும். கம்ப்ரஸர் வசதி உள்ள ஷெட்டுக்கு வேக்குவம் ஃபில்லர் இன்னும் சிறந்தது. முதலிலேயே காற்றை உறிஞ்சிவிடும், கசிவு இருந்தால் அதன் முள் இறங்கிக் காட்டியும் கொடுக்கும்.

ஃபனல் போட்டும் ஹீட் குறையாவிட்டால், செய்த வேலையைத் திரும்பப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டின் ஸ்பிரிங் என்ஜின் பக்கம் இருக்க வேண்டும், அதன் சிறு காற்றுத் துளை மேலே வர வேண்டும். ஏசியைப் போட்டால் ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கழற்றிய கனெக்டரை மாட்ட மறந்திருக்கலாம், ஃப்யூஸ் போயிருக்கலாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இறுகிப்போயிருந்தால் அதில் எழுதியுள்ள அதே அழுத்தத்தில், 0.9 அல்லது 1.1 பார், புதியது போடுங்கள். பல சின்ன வண்டிகளில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிவதற்குள் சூடு எல்லை மீறியிருக்கும். வண்டியின் சோதனை போர்ட்டில் செருகும் ஓபிடி டாங்கிள் வழியாக மொபைலில் டிகிரியைப் பார்த்துக்கொண்டே சோதியுங்கள்.

அரை மணி நேரத்துக்குப் பிறகும் குமிழிகள் நிற்காமல், ரேஸ் கொடுக்கும்போது கூடினால் அது சிக்கிய காற்றல்ல. சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு உள்ளே வருகிறது. ஃபனலை எடுத்துவிட்டு, பெட்ரோல் வண்டி என்றால் எரிந்த வாயு பட்டால் நிறம் மாறும் பிளாக் டெஸ்டர் திரவத்தால் சோதியுங்கள். நீலம் மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றும்வரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.